பிடுங்க ஒரு கதவு, கட்ட ஒரு கதவு

ஓசூரில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை, எதில் நடந்தாலும் பல் படம் போட்ட பலகை கண்ணில் படும். நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. படித்து வெளியே வருகிறவர்களில் பெரும்பகுதி நகரத்தில்தான் நாற்காலி போடுகிறார்கள். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு தொழில்நகரத்தை அவர்கள் விட்டுவைப்பார்களா? இருந்தும், பல்செட் வேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகைகளுக்குக் கீழே போய் நிற்பதில்லை. ஒரு பகுதியினர் பட்டமும் பதிவும் இல்லாத ஒருவரிடம் போகிறார்கள். அவர் லேபில் பத்துப் பதினைந்து வருடம் பல் அடுக்கிக் கைபழகிய டெக்னீஷியனாக இருக்கலாம். அப்பாவிடமும் தாத்தாவிடமும் தொழில் கற்றவராக இருக்கலாம். சந்தை நாளில் பெட்டியை விரித்து உட்காருகிறவராகவும் இருக்கலாம். யார் யாரிடம் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரு விடை சொல்லப்படுகிறது: விவரம் தெரிந்தவர் டாக்டரிடம் போவார், தெரியாதவர் போலியிடம் ஏமாறுவார். இந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேலை, தண்ணீர், சாலை, எல்லை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், இந்த இரு வாசல்களுக்கும் இடையே மக்களைப் பிரித்து அனுப்புவது பெரும்பாலும் நாள்கணக்குதான். இன்னொன்றும் உண்டு. பட்டமில்லாதவரிடம் போவதெல்லாம் ஒரே அளவு ஆபத்தாக இருப்பதில்லை. எங்கே ஆபத்து அதிகம், எங்கே குறைவு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியதால்தான், அதிகமான இடத்தில்கூட அதைத் தடுக்க முடியாமல் போகிறது.

முதலில் நாள்கணக்கு. வாயில் பல்லே இல்லாத ஒருவருக்கு முழுச் செட் செய்வதற்குப் பாடப்புத்தக முறையில் ஐந்து முறையாவது அவர் வர வேண்டும். முதலில் ஒரு அளவு, பிறகு ஈறின் விளிம்புவரை துல்லியமாக இன்னொரு அளவு, மூன்றாவதாக மெழுகுக் கட்டையை வைத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கும் உயரத்தைக் குறிப்பது, நான்காவதாக மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது, ஐந்தாவதாகச் செட்டை மாட்டிவிடுவது. அதற்குப் பிறகு புண் படும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய ஓரிரு முறை. பல் பிடுங்கியிருந்தால் எலும்பு ஆறி அமர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை காத்திருப்பது தனி. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது; வீண் இழுத்தடிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் வர ஐம்பது கிலோமீட்டரளவு ஆகிறது. காட்டுப் பாதை, எண்ணி வரும் பேருந்து. வயதானவர் தனியாக வர முடியாது. கூட வரும் மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போகும். ஐந்து முறை என்பது இரண்டு பேருக்கு ஐந்து நாள், அதாவது பத்து ஆள்கூலி. பல்லின் விலை இதில் இன்னும் சேரவே இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இளைஞனுக்குக் கணக்கு வேறு, பாரம் அதேதான். ஷிப்டு மாற்ற மேற்பார்வையாளரிடம் கெஞ்ச வேண்டும். ஒரு நாள் விடுப்பெடுத்தால் அன்றைய சம்பளத்தோடு மாத வருகைக்கென்று தரும் ஊக்கத்தொகையும் சேர்ந்து போவது பல இடங்களில் வழக்கம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, நோய் நாளுக்குக் கூலியில் 70 சதவீதமும் உண்டு. ஆனால் பல்லுக்கு அளவு கொடுக்கப் போன நாளை நோய் நாளாகக் காட்ட முடியாது. இந்த இருவருக்கும் எதிரே, ‘காலையில் அளவு, சாயங்காலம் பல்’ என்று ஒருவர் சொல்கிறார். அவரிடம் போகிறவர் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தாலே போதும்.

விலைதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒருவர் கேட்கலாம். விலைக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஏழை எல்லாச் சிகிச்சைக்கும் பட்டமில்லாதவரைத் தேடுவதில்லை. கன்னம் வீங்கி வலி தாங்காத இரவுக்குப் பிறகு அவர் போவது அரசு மருத்துவமனைக்கோ பட்டம் பெற்ற டாக்டரிடமோதான். அங்கே பிடுங்கிக்கொண்டு வருகிறார். பிடுங்கிய பல் விட்ட இடைவெளியை நிரப்பத்தான் வேறு வாசலைத் தேடுகிறார். விவரம் தெரியாமைதான் காரணம் என்றால் வலி வந்தபோதும் அவர் தவறான இடத்துக்கே போயிருக்க வேண்டும். இந்தப் பிளவுக்கு அரசின் ஏற்பாடே ஒரு காரணம். அரசு மருத்துவமனையில் பல் பிடுங்குவதற்குக் காசு இல்லை; ஒரு ஊசியும் ஒரு குறடும் இருந்தால் நடந்துவிடுகிற வேலை அது. பல் கட்டுவதற்கோ லேப் வேண்டும், பல் அடுக்கும் டெக்னீஷியன் வேண்டும், அக்ரிலிக்கும் பல் வரிசையும் வாங்கி வைக்க வேண்டும், வந்தவரையே திரும்பத் திரும்பப் பார்க்க நேரம் வேண்டும். எனவே பிடுங்குவது பொதுச் சேவையாகவும் கட்டுவது சந்தைச் சரக்காகவும் ஆகிவிட்டது. இலவசமாக இழந்ததைக் காசு கொடுத்து மீட்க வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் எந்தக் கடைக்குப் போகிறார் என்று கோபப்படுவதில் நியாயம் குறைவு.

இந்த வட்டாரத்தில் பல்லைத் தேடுகிறவர்கள் ஒரே கூட்டமும் இல்லை. 1980களில் டிவிஎஸ், அசோக் லேலண்டு, டைட்டன் என்று ஓசூரில் ஆலைகள் எழுந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். நிரந்தர வேலையும் மருத்துவப் பாதுகாப்பும் இருந்த தலைமுறை அது. பெங்களூருக்குப் போய்வரப் பழகியவர்கள், ஓய்வில் நேரமும் உள்ளவர்கள். பெரும்பாலும் டாக்டரிடமே போவார்கள், பலர் இம்பிளான்ட் வரைக்கும் விசாரிப்பார்கள். இவர்களுக்கு எதிர்முனையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி மலைப் பக்கத்து முதியவர்கள். இவர்களில் பலர் எங்குமே போவதில்லை என்பதை இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. ராகிக் களி இந்த மண்ணின் சோறு. அதை மெல்லாமல் விழுங்குவதுதான் வழக்கமே. பல் போனாலும் களியும் கீரைக் கடைசலும் உள்ளே போய்விடும். நிலக்கடலையும் அவரையும் கறியும் மெல்ல மெல்ல வட்டிலிலிருந்து விலகும். வயதாகிவிட்டது என்று வீட்டார் சொல்வார்கள். கிழவிகள் விஷயத்தில் இது இன்னும் கூடுதல்: டவுனுக்குப் போகிறவர், கையில் பணம் வைத்திருப்பவர், நாலு பேர் முன் பேச வேண்டியவர் என்று குடும்பம் யாரைக் கருதுகிறதோ அவர் வாய்க்குத்தான் முதலில் பல் வரும். உலகெங்கும் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேர் எல்லாப் பல்லையும் இழந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிட்டது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியவர் பங்கு 13 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இரண்டையும் சேர்த்து யோசித்தால், டாக்டரா டெக்னீஷியனா என்ற சண்டைக்கு வெளியே, வாய் குழிந்து உட்கார்ந்திருக்கும் மூன்றாவது கூட்டம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இளைஞர்கள்தாம் இந்த மாவட்டத்துக்கே உரியவர்கள். சூளகிரியிலும் போச்சம்பள்ளியிலும் கெலமங்கலம் பக்கத்திலும் புதிய ஆலைகள் வந்திருக்கின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு முழுச் செட் தேவையில்லை. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று போயிருக்கும். புகையிலையால் ஈறு கெட்டு இரண்டு ஆடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ இன்னொரு காரணம் நிலத்தடியிலிருந்தே வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்தால் எனாமல் சுண்ணாம்பு வெளுப்பாகவும் பழுப்புக் கறையாகவும் வெளிவரும்; கடுமையானால் குழிவிழுந்து உதிரும். தேய்த்தாலும் போகாது. ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் நிறைவேறி 2013ஆம் ஆண்டு மே மாதம்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நிரந்தர முன்பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி, காவிரி நீர் வருவதற்குமுன் அந்த வயதைக் கடந்தவர்கள்தாம் இன்று ஆலை வாசலில் நேர்காணலுக்கு நிற்கும், கல்யாணத்துக்குப் பெண்ணோ பிள்ளையோ பார்க்கும் தலைமுறை. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீரிலிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இவர்களுக்கு வேண்டியது மெல்லும் பல்லைவிடக் காட்டும் பல். அதுவும் அடுத்த முகூர்த்தத்துக்குள்.

இந்த இடத்தில்தான் ஆபத்தின் கணக்கு தலைகீழாகிறது. பல்லே இல்லாத முதியவருக்குப் பட்டமில்லாத, ஆனால் கைதேர்ந்த டெக்னீஷியன் செய்துதரும் முழுச் செட் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும்? உயரம் தப்பினால் தாடை நோகும். விளிம்பு நீண்டால் புண் வரும். தளர்ந்தால் சாப்பிடும்போது கழன்று விழும். செட் நிற்பதற்காக மேலண்ணப் பக்கத்தில் ரப்பர் உறிஞ்சி பதித்துக் கொடுக்கும் பழைய பழக்கம் உண்டு. அது அண்ணத்தை அரித்து ஓட்டை போட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அது தீங்குதான். ஆனாலும் பொதுவில், பொருந்தாத செட்டைக் கழற்றி வைத்துவிடலாம். அழிக்கப் பல் ஏதும் அந்த வாயில் மீதமில்லை. முன்பல் ஒன்றை இழந்த இருபத்தைந்து வயதுக்காரர் விஷயம் அப்படியில்லை. அவருக்கு ‘ஒரே நாளில் ஃபிக்ஸ்டு பல்’ என்று செய்யப்படுவது பல நேரங்களில் இதுதான்: ஒரு பிளாஸ்டிக் பல்லை இடைவெளியில் வைத்து, தானாக இறுகும் அக்ரிலிக் மாவைக் குழைத்து இரு பக்கத்துப் பற்களின் மேலும் ஈறின் மேலும் அப்பி, சில சமயம் கம்பியால் சுற்றி இறுக்கிவிடுவது. லேபில் வெந்நீரில் மணிக்கணக்கில் பதப்படுத்தும் அக்ரிலிக்கைவிட இதில் வினைபுரியாமல் எஞ்சும் ரசாயனம் அதிகம். இறுகும்போது வெளிப்படும் சூடு ஈறைச் சுடும். அதைவிடப் பெரிய கேடு, அதைக் கழற்ற முடியாது. அடியில் பிரஷ் போகாது. சோறும் எச்சிலும் தங்கி, நன்றாக இருந்த பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தையாகும், ஈறு சதை வளர்ந்து மூடும். ஒரு பல் இழந்து போனவர் சில வருடத்தில் மூன்றை இழந்து வருவார். கறைப் பல்லை மறைக்க நல்ல பல்லைச் சீவித் தொப்பி மாட்டுவதும் இதே வகை. சுருங்கச் சொன்னால், பட்டமில்லாதவர் கை குறைந்த கெடுதல் செய்யும் இடம் பல்லில்லா வாய். அதிகக் கெடுதல் செய்யும் இடம் பல் உள்ள வாய். கூட்டமும் இந்த இரண்டாவது இடத்தில்தான் வேகமாகச் சேரும். வயதும் அவசரமும் வெட்கமும் அங்கேதான் ஒன்றாக நிற்கின்றன.

நம் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது நாட்டில் பட்டம் பெற்றவர்கள் சொற்பம். தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் அதிகம். ஹூபேயிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் கல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் பல் கட்டிப் பேர் வாங்கியிருந்தன. தமிழ்நாட்டிலும் ‘சைனா பல் வைத்தியர்’ என்ற பேச்சு பழைய ஆட்களின் காதில் இன்னும் ஒலிக்கும். அந்தச் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் உள்ளவர்கள் ‘அ’ பகுதியில். பட்டமில்லாமல் குறைந்தது ஐந்து ஆண்டு இதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் ‘ஆ’ பகுதியில். நடைமுறையை மதித்த ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கதவு அந்தத் தலைமுறையோடு மூடிவிட்டது. தந்தையிடம் கற்ற பிள்ளைக்குப் பதிவு இல்லை, தொழில் மட்டும் இருந்தது. பல்செட் செய்வதையும் பழுதுபார்ப்பதையும் செய்கிறவரை ‘டென்டல் மெக்கானிக்’ என்று அதே சட்டம் தனியாக வரையறுத்தது; அவருக்கு டிப்ளமோவும் பதிவும் உண்டு. ஆனால் நோயாளியின் வாயில் அவர் கை வைக்கக் கூடாது. அளவெடுப்பதும் மாட்டுவதும் பல் மருத்துவம், செய்வது மட்டும் மெக்கானிக் வேலை. பழைய சட்டத்தின் இடத்தை எடுக்க 2023ஆம் ஆண்டு தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தக் கோடு அழியவில்லை. டாக்டரின் மேசையில் நாம் வாங்கும் செட்டில் பல்லை அடுக்கியதும் மெருகேற்றியதும் பெரும்பாலும் நம் கண்ணில் படாத ஒரு டெக்னீஷியனின் விரல்கள்தாம். லேபுக்குக் கிடைப்பது டாக்டர் வாங்கும் தொகையில் ஒரு பங்குதான். அந்தக் கணக்கு தெரிந்த டெக்னீஷியன் ஒருநாள் தானே அளவெடுக்கத் தொடங்குவதும், அந்தக் கை நல்ல கை என்று தெரிந்த முதியவர் அவரை நேரே தேடிப் போவதும் இயல்பாகவே நடந்துவிடுகின்றன. இதை மோசடி என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

வெளிநாடுகள் சில இந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா 1957இலேயே பல்செட் செய்கிறவர் நேரடியாக நோயாளியைப் பார்க்க அனுமதித்தது. பின்லாந்து 1964இல், டென்மார்க் 1979இல் அந்த வழிக்கு வந்தன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1978இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1994இலும் மக்கள் வாக்களித்தே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பல் மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தும் வாக்காளர் கேட்கவில்லை. பிரிட்டன் 2006இல் பதிவேடு திறந்தது. இவற்றில் நமக்குப் பாடம் பின்லாந்தும் பிரிட்டனும். அங்கே தனிப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன், பல்லே இல்லாத, நோயில்லாத வாய்க்கு முழுச் செட் தானே செய்து மாட்டலாம். பல் மீதமிருந்தால் பின்லாந்தில் அவர் கை வைக்கக் கூடாது. பிரிட்டனில் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டம் இல்லாமல் செய்யக் கூடாது. அதாவது மேலே நான் சொன்ன அதே பிளவு: பல்லில்லா வாய் ஒரு பக்கம், பல் உள்ள வாய் மறுபக்கம். இந்த ஏற்பாடுகள் உள்ள நாடுகளில் டெக்னீஷியனிடம் போகிறவர்கள் பொதுவாக வயதில் மூத்தவர்கள், வருமானமும் படிப்பும் குறைந்தவர்கள், பல் முழுதும் இழந்தவர்கள். சொந்தப் பல்லும் காப்பீடும் உள்ளவர்கள் டாக்டரிடம் போகிறார்கள். அஞ்செட்டிக்கும் ஆரிகனுக்கும் இந்த விஷயத்தில் தூரம் அதிகமில்லை. வேறுபாடு, அங்கே அந்தக் கைக்குப் பயிற்சியும் பதிவும் பொறுப்பும் உண்டு. செட் சரியில்லை என்றால் முறையிட ஓர் அலுவலகம் உண்டு. இங்கே அந்தக் கை மறைந்து வேலை செய்கிறது. அளவெடுத்த கிண்ணத்தை வேகவைத்தாரா என்று கேட்க ஆளில்லை.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செட்டுக்காக வாய் திறக்கும் நிமிடம்தான் பல முதியவர்களின் வாயை ஒரு மருத்துவர் பார்க்கும் ஒரே நிமிடம். கன்னத்தின் உள்பக்க வெள்ளைத் திட்டு, நாக்கோரத்து ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகும் சதை, இவை புற்றின் முன்னறிகுறிகள். 2016-17இல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள். மெல்லுவது போன்ற புகையில்லாத வகை 10.6 சதவீதம். எல்லைச் சோதனைச் சாவடிகளில் குட்கா மூட்டை பிடிபடும் செய்தி அடிக்கடி வரும் மாவட்டம் இது. டெக்னீஷியன் பல்லுக்கு அளவெடுப்பார். புண்ணைப் பார்த்துப் பயப்பட அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை. இந்த வாதம் முழுக்கச் சரி. அதனால்தான் யாரும் நேரே டெக்னீஷியனிடம் போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பல் டாக்டர் ஒருமுறை வாயைப் பார்த்து ‘நோயில்லை, பல்லில்லை, செட் கட்டலாம்’ என்று சீட்டு எழுதிய பிறகே அந்தக் கை தொடங்க வேண்டும். ஐந்து சிட்டிங்கில் மருத்துவக் கண் அவசியம் தேவைப்படுவது அந்த முதல் சிட்டிங்கில்தான். இன்றைய நிலையில், மறைவாகப் போகிறவருக்கு அந்த ஒரு பார்வைகூடக் கிடைப்பதில்லை.

பட்டம் இல்லாவிட்டால் சுத்தம் இருக்காது என்பது அடுத்த வாதம். இதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரின் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோயால் இறந்தார்கள். திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்த உப்புநீர்ப் பாட்டிலும் சுத்தம் செய்யாத கருவியும் கிருமியைக் கொண்டுபோனதாக 2025இல் வெளியான ஆய்வு விவரித்தது. பலகை மாட்டி நடந்த கிளினிக் அது. கிளினிக் என்ற பெயர் கிருமியைக் கொல்லாது. கொதிநீரும் ஆட்டோகிளேவும் ஆய்வுக்கு வரும் அதிகாரியும்தான் கொல்ல முடியும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. இருபத்தோரு ஆண்டு இடைவெளி. சுத்தத்தைப் பட்டத்தோடு கட்டி நிம்மதியடைந்த சமூகம் சுத்தத்தையே தனியாகச் சோதிக்க மறந்துவிட்டது. இரண்டு வாசலுக்கும் ஒரே சோதனை வேண்டும். ஒளிந்திருக்கும் வாசலைச் சோதிக்க முடியாது என்பதால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள், முழுச் செட்டுக்கு அனுமதித்தால் நாளை முன்பல்லும் கட்டுவார்கள், பிறகு பிடுங்கவும் செய்வார்கள் என்பது மூன்றாவது பயம். இன்று அவர்கள் இவை மூன்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எல்லாமே குற்றம் என்கிற நிலையில், பெரிய குற்றத்தைத் தவிர்க்க அவர்களுக்குக் காரணம் ஏதும் இல்லை. முழுச் செட்டுக்கு உரிமம் பெற்றவருக்கு இழக்க ஏதோ ஒன்று இருக்கும். பல் உள்ள வாயில் அக்ரிலிக் அப்பினால் அந்த உரிமம் போகும் என்ற பயம், எப்போதாவது நடக்கும் சோதனையைவிட வலுவானது. எல்லைப் பகுதியில் சோதனையின் பலன் இன்னும் குறைவு. எல்லையோர ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. மாநிலம் மாறும், பல் மருத்துவ கவுன்சில் மாறும், காவல் நிலையம் மாறும். கர்நாடகத்தின் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் வேறு, நம்முடையது வேறு. இங்கே மூடிய கடை அங்கே திறக்க ஒரு ஆட்டோ சவாரி போதும். புகார் கொடுக்க வேண்டிய நோயாளிக்கோ அந்த ஒரு சவாரியே எந்த மொழியில், யாரிடம் என்று தெரியாத தூரம்.

பல் டாக்டர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது டெக்னீஷியன் எதற்கு, இளம் டாக்டர்களையே கிராமத்துக்கு அனுப்பலாமே என்றும் கேட்கப்படுகிறது. அனுப்பினால் நல்லது, ஆனால் இளம் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்கிக் கடனில் நாற்காலி வாங்கியவருக்கு ஒரு வேர் சிகிச்சை தரும் வருமானத்தை ஐந்து சிட்டிங் கேட்கும் முழுச் செட் தராது. சந்தை முதியவரின் செட்டை விரும்பவில்லை, அவ்வளவுதான். சந்தை விரும்பாததை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பக்கத்து மாநிலங்கள் இரண்டு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டன. கர்நாடகம் 2014இல் ‘தந்த பாக்கிய’ என்ற திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாக இலவசச் செட் தரத் தொடங்கியது. பிறகு வயது வரம்பை 45 ஆகக் குறைத்தது. கேரளத்தின் ‘மந்தஹாசம்’ திட்டம் ஏழை முதியவரின் செட்டுக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாய் வரை கொடுத்தது. அத்திப்பள்ளியில் பிறந்த பல்லில்லாத தாத்தாவுக்கு உள்ள உரிமை, பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஓசூரில் குடும்ப அட்டை வைத்திருக்கும் அவருடைய சம்பந்திக்கு அந்தத் திட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் கடலூரிலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. ஓசூரிலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டர். ஐந்து சிட்டிங் என்றால் போகவர 3,000.

அந்த ஐந்தையும் குறைக்கலாம். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்லில்லாதவர்களை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு மரபான முழு முறையிலும் மற்றதற்குப் படிகளைக் குறைத்த எளிய முறையிலும் செட் செய்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். அணிந்தவர்களின் திருப்தியிலும் செட்டின் தரத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. ஐந்து சிட்டிங் வேதவாக்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எளிய முறையில் பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் மேற்பார்வைக்கு ஒரு பல் டாக்டரும் சேர்ந்து ஒரு வண்டியில் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் ஊத்தங்கரைக்கும் குறித்த கிழமையில் போனால், நாள்கணக்கு கிராமத்தின் பக்கம் திரும்பும். இதற்கு முன்னோடி தேடி வெளியே போக வேண்டாம். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வரும் அந்தப் பணியாளருக்கு எந்த வீட்டில் பல்லில்லாத முதியவர் இருக்கிறார் என்று தெரியும். சர்க்கரை ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட்டிவிடும் என்பதால் இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். இளைஞர்களுக்கு வேண்டியது வேறு: ஷிப்டு முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் இ.எஸ்.ஐ. பல் பிரிவு, ஒரே நாளில் கழற்றி மாட்டும் தற்காலிக முன்பல், கறைப் பல்லைச் சீவாமல் மூடும் பூச்சு. இவை அங்கே கிடைத்தால், அக்ரிலிக் அப்புகிறவரிடம் அவசரமாக ஓட வேண்டிய தேவை குறையும்.

தொடக்கத்துக்குப் புதிய கட்டடம்கூட வேண்டாம். கடைசிப் பல்லைப் பிடுங்கும் அரசு மருத்துவமனை, அன்று கொடுக்கும் புறநோயாளிச் சீட்டின் அடியிலேயே, எட்டு வாரம் கழித்து வரும் ஒரு தேதியையும், அன்று அளவெடுக்க வண்டி எந்த ஊருக்கு வரும் என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும்.